வக்தின் மைந்தர்கள்

‘வக்து’ என்னும் சொல் ஒலிக்காத தமிழ் முஸ்லிம் இல்லம் இல்லை. ‘ஐந்து வக்துத் தொழுகை’ என்கிறோம். ‘லுஹருக்கு வக்து ஆகிவிட்டதா?’ என்று வினவுகிறோம். ‘வக்து தப்பிவிட்டதே’ என்று வருந்துகிறோம். அரபு மண்ணிலிருந்து கப்பலேறி வந்து நம் அடுக்களை வரையில் புகுந்துவிட்ட இச்சொல், நம்மிடத்தில் பெரும்பாலும் தொழுகை நேரம் என்ற ஒரு பொருளோடு நின்றுவிட்டது. அது பிறந்த மொழியிலோ அதற்கு ஆழமான மற்றொரு பொருளும் உண்டு. நேற்று நம் கையை விட்டுப் போயிற்று. நாளை இன்னும் வரவில்லை. இடையில் நம் வசத்தில் இருக்கும் இந்த ஒரு கணம் எதுவோ, அதுவும் வக்துதான்.

வானத்தைப் பார்த்து வக்தை அறிந்தோர் ஒரு சாரார். நெஞ்சைப் பார்த்து வக்தை அறிந்தோர் மற்றொரு சாரார். முன்னவரின் வரலாற்றை வானநூலார் எழுதினர். பின்னவரின் வரலாற்றை ஞானவழி நின்றோர் எழுதினர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. வக்தை உற்றுநோக்கும் பழக்கம், உலகைத் துறந்து மலைக்குகை தேடிப் போனவர்களிடம் மட்டும் வளர்ந்ததன்று. தராசும் சுத்தியலும் தறியும் ஓயாது இயங்கிய கடைத்தெருக்களின் நடுவேதான் அது பெரிதும் வளர்ந்தது.

முதலில் நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூரியன் ஏற ஏற நிழல் குறுகி, உச்சியில் மிகச் சிறிதாகி, பின் மறுபுறம் சாய்ந்து நீளத் தொடங்குகிறது. அந்தச் சாய்வே ‘ஸவால்’. அதிலிருந்து லுஹர் தொடங்குகிறது. ஒரு பொருளின் நிழல், உச்சிவேளை நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவுக்கு வளரும்பொழுது அஸர் வந்துவிட்டது என்பது ஷாஃபி மத்ஹபின் முடிவு. இரு மடங்கு வளர வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபில் பின்பற்றப்படும் முடிவு. நம் கடற்கரை ஊர்களில் அஸர் பாங்கு முன்னதாகவும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்தியும் ஒலிப்பதன் காரணம் இதுவே. இரு ஊர்களுக்கும் இடையே நிழலின் ஒரு மடங்குதான் வேறுபாடு!

தொடக்க நூற்றாண்டுகளில் இதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. மனிதனின் உடலே கருவி. வெயிலில் நிமிர்ந்து நின்று, தன் நிழலின் முடிவைக் குறித்துக்கொண்டு, பாதத்தின் மேல் பாதம் வைத்து அதை அளந்தான். ஒருவனுடைய உயரம் அவன் பாதத்தால் ஆறரை அல்லது ஏழு அடி என்று கணக்கு வைத்திருந்தார்கள். எளிய முறைதான். ஆயினும் இதில் ஒரு நுட்பம் பொதிந்திருக்கிறது. ஸவாலை ஒரே பார்வையில் அறிந்துவிட முடியாது. ஒரு முறை பார்க்க வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடியும் பார்க்க வேண்டும். நிழல் குறைவது நின்றுவிட்டது என்பதே, அது வளரத் தொடங்கிய பின்னர்தான் கண்ணுக்குப் புலப்படும். எத்தனை வேலை தலைக்கு மேல் இருந்தாலும், அந்தச் சிறு பொழுதுக்கு அவன் வெறுமனே நின்றாக வேண்டும்.

நிழல் பற்றியே ஒரு தனி நூல் எழுதிய பேரறிஞர் அல்பிரூனி. குவாரிஸ்ம் நாட்டில் 973ஆம் ஆண்டு பிறந்தவர். அந்நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். தொழுகை நேரம் அறியும் கருவி ஒன்றில் ரோமானியரின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தனவாம். மார்க்கப் பற்று மிக்க ஒருவர், அது பிறருடைய மாதம், ஆகவே இக்கருவி பள்ளிக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார். ரோமானியர் உணவு உண்கிறார்கள், கடைத்தெருவில் நடக்கிறார்கள். அவற்றிலும் அவர்களைப் பின்பற்றாது விட்டுவிடுவதுதானே என்று அல்பிரூனி கேட்டாராம்! ஆயிரம் ஆண்டு கடந்தும் இக்கேள்வி பழையதாகிவிடவில்லை.

நேரத்தைப் பார்ப்பது அன்று பொதுக் காரியமாகவும் இருந்தது. கடைத்தெருவின் எடைக்கற்களையும் முகத்தலளவுகளையும் சோதிக்கும் ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரியே, மோதினார் வக்தை அறிந்தவர்தாமா என்றும் சோதிக்க வேண்டும். இரவில் நேரம் காண, சந்திரனின் 28 மனைகளையும் மோதினார் அறிந்திருக்க வேண்டும் என்று எகிப்து நாட்டு இப்னுல் உகுவ்வா (மறைவு 1329) தம் நூலில் விதிக்கிறார். அரிசியின் எடையில் குறை வைப்பதும் பொழுதின் அளவில் குறை வைப்பதும் ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் அடங்கியிருந்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

அதே காலத்தில்தான் மோதினாருக்குத் துணையாக ‘முவக்கித்’ என்ற புதிய பதவி தோன்றிற்று. 13ஆம் நூற்றாண்டில் மம்லூக்குகள் ஆண்ட எகிப்தில் இப்பெயரை முதன்முதலாகக் காண்கிறோம். முவக்கித் என்பவர் பள்ளிவாசலின் ஊதியம் பெறும் வானநூலார். கோள்களைக் கணிப்பதும் கருவிகள் செய்வதும் அட்டவணை வகுப்பதும் அவர் தொழில். சோதிடம் சொல்லி அரசரை மகிழ்விக்கும் தேவை அவருக்கு இல்லாது போயிற்று. அதனால் அறிவியல் பிழைத்தது என்றே நாம் கருதுகிறோம்.

முவக்கித்துகளில் தலைசிறந்தவர் திமிஷ்க் என்னும் டமாஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலில் பணிபுரிந்த இப்னு ஷாத்திர் ஆவார். 1304ஐ ஒட்டிப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். உறவினர் ஆதரவில் வளர்ந்த அப்பிள்ளை கற்றுக்கொண்ட முதல் தொழில் மரத்தில் தந்தம் இழைக்கும் வேலை. அத்தொழிலின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது. பின்னர் எகிப்து சென்று வானநூல் பயின்று திரும்பினார். சந்திரனின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பு, 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலில் காணப்படுவதோடு ஒத்திருப்பதைக் கடந்த நூற்றாண்டின் ஆய்வாளர்கள் கண்டு வியந்தனர். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். நாம் இங்கே நோக்க விரும்புவது அவர் செய்த ஒரு கல்லை.

ஹிஜ்ரி 773இல், அதாவது 1371-72இல், உமையாப் பள்ளியின் வடபுற மினாராவான ‘அரூஸ்’ மீது அவர் ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட பளிங்குப் பலகை அது. அதில் நிழல் வீழ்த்தும் கோல், பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கப்பட்டது; அவ்வகையில் இன்று நாம் அறிந்த மிகப் பழைய கடிகாரம் இதுவே. கோடையோ குளிரோ, மணிகள் சம அளவினவாக அதில் ஓடின. சூரியன் உதித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, மறைய எவ்வளவு உள்ளது, தொழுகை நேரங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்பனவெல்லாம் அக்கோடுகளில் தெரிந்தன. தந்தத் துண்டுகளை மயிரிழை பிசகாமல் பதித்துப் பழகிய விரல்கள் அல்லவா பளிங்கில் அக்கோடுகளை வகுத்தன!

அதற்கும் முன்பே அப்பள்ளியின் ஜைரூன் வாயிலில் ஒரு நீர்க் கடிகாரம் இருந்தது. 1184இல் அங்கே வந்த பயணி இப்னு ஜுபைர் அதை விவரிக்கிறார். மணிக்கு ஒருமுறை இரண்டு பித்தளை வல்லூறுகள் தம் அலகிலிருந்து பித்தளைக் குண்டுகளைக் கிண்ணத்தில் உதிர்க்கும், ஓசை எழும், ஒரு சிறு கதவு மூடிக்கொள்ளும். கடைத்தெருவில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் காதில் அவ்வோசை விழுந்தபொழுது பேச்சு ஒரு கணம் நின்றிருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

இனி நெஞ்சைப் பார்த்து வக்தை அறிந்தோரிடம் வருவோம். குராஸான் நாட்டு நைஸாபூரில் வாழ்ந்த இமாம் குஷைரி (ரஹ்) அவர்கள் (986-1072) 1045-46இல் தம் புகழ்பெற்ற ‘ரிஸாலா’வை எழுதினார்கள். ஞானவழியில் வழங்கும் கலைச்சொற்களை விளக்கும் பகுதியில் அவர்கள் முதலாவதாக எடுத்துக்கொண்ட சொல் எது தெரியுமா? வக்து! ஸூஃபி என்பவர் ‘இப்னுல் வக்து’, அதாவது வக்தின் மைந்தர் என்ற வழக்கை அங்கே அவர்கள் விளக்குகிறார்கள். அந்தக் கணத்துக்கு எது மிக உரியதோ அதில் ஈடுபட்டிருப்பவர் என்பது அதன் கருத்து. போன கணத்தை எண்ணி ஏங்கினால் வந்திருக்கும் கணமும் சேர்ந்து போய்விடும் என்று இரட்டை இழப்பை அவர்கள் சுட்டுகிறார்கள். லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி (ரஹ்) அவர்களும் ஏறத்தாழ அதே காலத்தில் தம் பாரசீக நூலில் இதே சொல்லை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இப்பெரியார்களின் பெயர்களைச் சற்றே உற்றுப் பாருங்கள். ஹத்தாத் என்றால் கொல்லர். கஸ்ஸார் என்றால் துணி வெளுப்பவர். கர்ராஸ் என்றால் தோல் தைப்பவர். ஹல்லாஜ் என்றால் பஞ்சு கொட்டுபவர். ஸரீ அஸ்ஸகத்தீ (ரஹ்) அவர்களின் பெயரில் இருப்பதோ பழைய சாமான் வணிகம்! அவர்களுடைய மருகர் ஜுனைத் (ரஹ்) அவர்கள் பாக்தாதில் கடை வைத்திருந்தார்கள். நாள்தோறும் கடைக்குள் சென்று திரையை இறக்கிவிட்டு நீண்ட நேரம் தொழுதுவிட்டு வருவார்கள் என்று குஷைரி (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். திரைக்கு அப்புறம் தெருவின் இரைச்சல். இப்புறம் ஒரு மனிதரின் அமைதி. இடையே ஒரு துணி.

ஸரீ (ரஹ்) அவர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. பாக்தாதுக் கடைத்தெரு ஒருமுறை தீப்பற்றிற்று. வழியில் வந்து ஒருவர், உங்கள் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. அண்டை அயலார் கடைகள் சாம்பலாகிக் கிடக்கத் தம் பொருள் தப்பியதற்கு மகிழ்ந்த அந்த ஒரு கணத்துக்காக முப்பது ஆண்டுகள் பிழைபொறுக்க இறைஞ்சினார்கள் என்று கூறுவர். நம்மில் யாராயினும் அச்சொல்லைச் சொன்னதாகக்கூட நினைவு வைத்திருக்க மாட்டோம். வாயிலிருந்து சொல் புறப்பட்ட பொழுதில் தாம் எப்படி இருந்தோம் என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். அதனாலேயே அது அவர்களைத் தைத்தது.

இக்கவனத்தை ஒரு பயிற்சி முறையாகவே வகுத்தவர்கள் புகாரா நகரைச் சூழ்ந்த ஊர்களில் தோன்றிய குவாஜாக்கள் ஆவர். அப்துல் காலிக் கஜ்துவானி (ரஹ்) அவர்கள் எட்டு நெறிகளைச் சொன்னார்கள். அவற்றுள் மூன்றைப் பாருங்கள். ‘ஹோஷ் தர் தம்’, மூச்சில் விழிப்பு. ‘நஸர் பர் கதம்’, காலடியில் பார்வை. ‘கல்வத் தர் அஞ்ஜுமன்’, கூட்டத்தின் நடுவே தனிமை. மூச்சு விடுவதும் நடப்பதும் நாலு பேரோடு இருப்பதும் நாம் எப்போதும் செய்யும் காரியங்களே. இவற்றுக்கென்று வேலையை விட வேண்டியதில்லை; ஊரை விட வேண்டியதில்லை.

இவ்வழியில் 1318இல் புகாராவை அடுத்த சிற்றூரில் தோன்றியவர்கள் பஹாவுத்தீன் நக்‌ஷபந்த் (ரஹ்) அவர்கள். நக்‌ஷபந்த் என்றால் உருவரைகளை அமைப்பவர். அவர்கள் குடும்பம் பூவேலைப் பட்டு நெய்தது என்பது மரபு. நெஞ்சில் இறைநாமத்தைப் பதிப்பவர் என்று வேறு விளக்கம் கூறுவோரும் உண்டு. இரண்டும் ஒருவரிடத்தில் கூடாதவை அல்லவே! அவர்கள் எட்டு நெறிகளோடு மேலும் மூன்றைச் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று ‘வுகூஃபே ஸமானீ’, காலத்தில் நின்று பார்த்தல். சற்று முன் சென்ற பொழுது விழிப்பில் கழிந்ததா, மறதியில் கழிந்ததா என்று அடிக்கடி நின்று கணக்குப் பார்க்க வேண்டும். விழிப்பாயின் நன்றி செலுத்த வேண்டும், மறதியாயின் மன்னிப்புக் கோர வேண்டும். வணிகர் மாலையில் பார்க்கும் வரவு செலவுக் கணக்கை இவர்கள் நாழிகைக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள்.

மக்காவை அடுத்த மினாவின் சந்தையில் ஓர் இளைஞரைக் கண்டதாக நக்‌ஷபந்த் (ரஹ்) அவர்கள் கூறியதைச் சீடர்கள் பாதுகாத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஐம்பதாயிரம் தீனார் பெறுமான சரக்கை அவர் விற்றும் வாங்கியும் கொண்டிருந்தார். ஆயினும் அவர் உள்ளம் ஒரு கணமும் இறைவனை மறந்திருக்கவில்லை என்பதே அச்செய்தி. இவ்வகைச் செய்திகளை வசதி படைத்தோர் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதும் உலகில் உண்டு. உள்ளம் இறைவனிடம், கை பெட்டியிடம் என்று சொல்லிக்கொள்வது எவர்க்கும் எளிது, சோதிப்பது எங்ஙனம்? நக்‌ஷபந்த் (ரஹ்) அவர்கள் தம் நிலத்து வாற்கோதுமையை உண்டு எளிமையாக வாழ்ந்தார்கள் என்று வரலாறு எழுதினோர் குறிப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கே ஆண்டுகளைச் சற்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். திமிஷ்கில் தந்தம் இழைத்தவர் 1375ஐ ஒட்டி மறைந்தார். புகாராவில் பூவேலை நெய்தவர் 1389இல் மறைந்தார். இருவரும் ஒரு காலத்தவர். ஒருவரை மற்றவர் அறிந்ததாகச் சான்று இல்லை. கைத்தொழிலின் பொறுமையை ஒருவர் வானத்துக்குத் திருப்பினார். மற்றவர் மூச்சுக்குத் திருப்பினார்.

இவ்விரு நகரங்களையும் வரலாறு பின்னர் கொடூரமான முறையில் இணைத்தது. புகாராவையும் தன் ஆட்சிக்குள் வைத்திருந்த தைமூர், 1401இல் திமிஷ்கைக் கைப்பற்றினான். நகர் கொள்ளையுண்டது, உமையாப் பள்ளி தீக்கிரையாயிற்று. தப்பிப் பிழைத்த கைவினைஞர்களைத் தன் தலைநகர் ஸமர்கந்துக்கு நடத்திச் சென்றான். 1404இல் அங்கே வந்த ஸ்பெயின் நாட்டுத் தூதர் கிளாவிஹோ, திமிஷ்கிலிருந்து கொண்டுவரப்பட்ட பட்டு நெசவாளர்களையும் வில் செய்வோரையும் கண்ணாடித் தொழிலாளரையும் பற்றி எழுதியிருக்கிறார். அம்மக்களுக்கு அன்றைய ஒவ்வொரு கணமும் எவ்வாறு கழிந்ததோ, அதை எழுதி வைத்தார் எவருமில்லை. இப்னு ஷாத்திரின் கல் மட்டும் அழிவுக்குத் தப்பி 19ஆம் நூற்றாண்டு வரையில் இருந்தது. பின்னர் அது உடைந்தபொழுது தந்தாவி என்ற வானநூலார் அதே போன்று ஒன்றைச் செதுக்கி மினாராவில் வைத்தார். பழைய துண்டுகள் திமிஷ்கின் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

அதற்குள் ஐரோப்பியக் கடிகாரம் எங்கும் பரவிவிட்டது. உதுமானியத் தலைநகர் இஸ்தான்பூலில் பள்ளிகளின் அருகே முவக்கித்துக்கென்று சிறு கூடங்கள் இருந்தன. சாளரத்தின் வழியே தெரியும் கடிகாரங்களைப் பார்த்து, தெருவில் போவோர் தம் சட்டைப்பைக் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டு போவர். அக்கடிகாரங்களில் சூரியன் மறையும்பொழுது மணி பன்னிரண்டு. நாள்தோறும் முள்ளைச் சற்றே நகர்த்தினால்தான் கணக்கு நிற்கும். துருக்கிக் குடியரசு 1926 ஜனவரி முதல் நாள் தொட்டு அம்முறையைக் கைவிட்டது. கவிஞர் அஹ்மத் ஹாஷிம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1921இல், மறைந்துகொண்டிருந்த முஸ்லிம் மணியைப் பற்றி ஏக்கத்தோடு ஒரு கட்டுரை எழுதினார்.

நம் சென்னையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1792இல் இங்கே வானாய்வுக்கூடம் அமைந்தது. அதன் நேரமே பின்னர் இந்திய இரயில்களின் நேரமாயிற்று. 1906 ஜனவரி முதல் நாள் இந்திய நாட்டுக்குப் பொதுநேரம் வந்தது. அது சென்னையின் சொந்த நேரத்தை விட 9 நிமிடம் முந்தியது. அன்று முதல் நம் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் நம் தலைக்கு மேல் நிற்கும் சூரியனும் ஒத்துப்போவதில்லை. ஆண்டு முழுவதும் பார்த்தால் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது நவம்பர்த் தொடக்கத்தில் சுமார் 11.53 மணிக்கு, பிப்ரவரி நடுவில் சுமார் 12.23 மணிக்கு. இந்த அரைமணி ஊசலாட்டத்தை நமக்கு அச்சிட்ட அட்டவணை சொல்லிவிடுகிறது. இப்போது கைபேசியே பாங்கு சொல்கிறது.

இதனைக் குறையாகச் சொல்வது நம் நோக்கமன்று. நிழலைப் பார்க்கும் வேலையிலிருந்து மக்களை விடுவிக்கத் தொடங்கியவர்கள் முவக்கித்துகளே. இப்னு ஷாத்திரின் உடன் காலத்தவரான கலீலி திமிஷ்குக்கென்று வகுத்த அட்டவணைகள் 19ஆம் நூற்றாண்டு வரையில் அங்கே பயன்பட்டன. முகில் மூடிய நாளில் வக்தை அறிய வேறு வழி ஏது? கணக்கு வளர வளரக் காத்து நிற்கும் தேவை குறைந்தது. பார்த்தவர் ஒருவர், கேட்டவர் ஊரார் என்றாயிற்று. ஆனால் புகாரா காட்டிய வக்துக்கு அட்டவணை வகுக்க எவராலும் இயலவில்லை. அவரவர் மூச்சை அவரவரே பார்க்க வேண்டியிருந்தது. ஒரே சொல்லின் இரு பொருள்களில் ஒன்று இயந்திரத்துக்குள் போய்விட, மற்றொன்று மனிதனிடமே தங்கிவிட்டது. அந்த மற்றொன்றை நாம் வழக்கத்திலிருந்தே நழுவவிட்டோம் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு நாளும், ஆகஸ்டு 18ஐ ஒட்டி ஒரு நாளும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. மக்காவில் மே மாத இறுதியிலும் ஜூலை நடுவிலும் கஃபாவுக்கு நேர் மேலே நிற்பதைப் போல, அந்நாள்களில் நம் உச்சிவேளை நிழல் காலடியில் மறைந்துவிடுகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிநிழல் தெற்கே விழும். இதை நூலில் பலமுறை படித்திருந்தும் கண்ணால் கண்டதில்லை. அத்தகைய ஓர் ஏப்ரல் நாளில், அச்சகத்துக்குப் போக வேண்டிய அவசர வேலையைச் சற்று ஒதுக்கிவிட்டு, பள்ளி ஒன்றின் முற்றத்தில் ஒரு மீட்டர்க் கோலை நிமிர்த்தி நட்டு அருகில் அமர்ந்தோம்.

பன்னிரண்டு மணி கடந்து ஐந்து நிமிடம் இருக்கும். மேற்கே இருந்த நிழல் கோலின் அடிக்குள் சுருங்கிப் போயிற்று. ஹவுளில் நீர் சொட்டும் ஓசை கேட்டது. வெளியே மீன் கூடையோடு ஒருவர் கூவிக்கொண்டு போனார். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மோதினார் துடைப்பத்தோடு வந்து நின்று, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். நிழலைக் காணவில்லை என்றோம். சிரித்தார், அவரும் குந்தி அமர்ந்துகொண்டார். இருவரும் பேசவில்லை. நாலைந்து நிமிடம் கழிந்த பின் கோலின் கிழக்குப் புறத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கருமை தெரிந்தது. மோதினார் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

“வக்து ஆயிடுச்சு” என்றார்.